கண்ட முகமும் கேட்ட முகமும்



பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பில் கம்பராமாயணம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து நின்றான். “சேர், சீதை எப்படி இருப்பா என்று இராமன் அனுமனுக்கு அடியிலிருந்து முடிவரைக்கும் சொல்லித்தானே அனுப்பினவர். பிறகேன் அனுமன் மண்டோதரியைப் பார்த்து இவதான் சீதையோ என்று நினைச்சவர்?” வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தக்க விடையும் வரவில்லை. நள்ளிரவு, அறியாத ஊர், தூதனின் பதற்றம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மணியும் அடித்துவிட்டது, தப்பினேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இலக்கியக் கேள்விபோல் தோன்றினாலும் அது உண்மையில் முகத்தைப் பற்றிய கேள்வி. மனிதர் மனிதரின் முகத்தை எவ்வாறு அறிகின்றனர், எவ்வாறு நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதைப் பற்றி உளவியலாளர் எழுதியவற்றை அவ்வப்போது தேடிப் படிக்க அதுவே காரணமாயிற்று. இன்றைய பேச்சை அந்த மாணவனுக்கு நான் காலந்தாழ்த்திச் சொல்லும் விடையாகவே கொள்ளலாம்.

கிட்கிந்தா காண்டத்து நாட விட்ட படலத்தை நினைவுகூருங்கள். தென்திசை செல்லவிருக்கும் அனுமனுக்கு இராமன் சீதையின் வடிவை வருணிக்கிறான். பாதத்தில் தொடங்கிக் கூந்தல்வரை செல்கிறது அவ்வருணனை. உவமை சொல்வதும், அது போதாதென்று தானே அதைத் தள்ளுவதுமாகப் பாடல் பாடலாக வளர்கிறது. அனுமனோ சொல்லின் செல்வன். கேட்டதை மறப்பவன் அல்லன். அப்படியிருந்தும் இலங்கையில் மாளிகை மாளிகையாகத் தேடி, துயிலும் மண்டோதரியைக் கண்டபோது, இவளே சானகியோ என்ற ஐயம் அவனுக்கு எழுகிறது. வான்மீகியின் அனுமன் ஒரு கணம் மகிழ்ந்து, வாலை முத்தமிட்டு, தூணில் ஏறி இறங்கித் துள்ளவே செய்கிறான். கம்பனின் அனுமனுக்கு மகிழ்ச்சியில்லை, நெஞ்சு எரிகிறது. இவள் சீதையானால் இராமன் புகழும் போயிற்று, நானும் இல்லை, இலங்கையும் இல்லை என்று துடிக்கிறான். உணர்ச்சி வேறாயினும் இருவருக்கும் வந்த ஐயம் ஒன்றே.

இத்தனைக்கும் அனுமன் சீதையை முன்பு சற்றும் காணாதவன் அல்லன். இராவணன் அவளை வான்வழியே கொண்டு சென்றபோது மலைமீதிருந்த வானரர் அவளைக் கண்டனர் என்றும், அவர்களுள் அனுமனும் ஒருவன் என்றும் வான்மீகி கூறுகிறார். ஆக, ஒரே ஒரு முறை தொலைவிற் கண்ட முகம். பின்னர் விரிவாகக் கேட்ட முகம். இரண்டும் சேர்ந்தும் போதவில்லை.

முதலில் கேட்ட முகத்தை எடுத்துக்கொள்வோம். முகம் மதி, கண் குவளை, புருவம் வில், இதழ் பவளம் என்று நம் புலவர்கள் பாடிய வருணனையை ஒரு பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்தால் அவர் ஊரிலுள்ள பெண்கள் எல்லோரையும் அழைத்து வருவார். அல்லது ஒருவரையும் அழைத்து வரமாட்டார். புலவர்களைப் பழித்துப் பயனில்லை. முகத்தைச் சொல்வதற்கு மொழியிடமே சொற்கள் குறைவு. நல்லூர்த் தேர்த்திருவிழாவில் உங்கள் தாயாரைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி, அவரை அறியாத ஒருவரை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன சொல்லி அனுப்புவீர்கள்? கொஞ்சம் வட்டமுகம், மாநிறம், அளவான மூக்கு, நரைத்த தலை. அந்த வீதியில் அப்படி ஆயிரம் பேர் நிற்பார்கள். நீங்களே போனாலோ, அரைப் பக்கம் திரும்பிய முகத்தைக் கண்டவுடன் அம்மா என்று கூப்பிட்டுவிடுவீர்கள். எதைக் கொண்டு அறிந்தீர்கள் என்று கேட்டால் உங்களுக்கே சொல்லத் தெரியாது.

சொல் உதவாதது மட்டுமன்று, சில வேளைகளில் கெடுத்தும் விடுகிறது. 1990ஆம் ஆண்டில் ஜொனதன் ஸ்கூலர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் ஆய்வு செய்தவரும் சிலருக்கு ஒரு வங்கிக் கொள்ளைக் காட்சியைத் திரையில் காட்டினார்கள். பின்பு ஒரு சாராரை மட்டும் கொள்ளையனின் முகத்தை விரிவாக எழுதும்படி பணித்தார்கள். ஒத்த முகங்கள் சிலவற்றை வரிசையாக வைத்து ஆளைக் காட்டச் சொன்னபோது, எழுதியவர்களே எழுதாதவர்களைவிட அதிகம் தவறினார்கள். வியப்பான முடிவு என்பதால் பலரும் ஐயுற்றனர். 2014இல் பல நாட்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து மீளவும் செய்து பார்த்தன, அவ்விளைவு மறையவில்லை. கண் முழுமையாக வாங்கியதை நாக்கு துண்டு துண்டாக்கிவிடுகிறது எனலாம்.

நாம் முகத்தை மூக்கு, வாய், நாடி என்று உறுப்புக் கணக்காகப் பார்ப்பதில்லை. உறுப்புகளுக்கு இடையிலுள்ள அமைவைச் சேர்த்து ஒரே பார்வையில் வாங்குகிறோம். இதற்கு ஒரு சோதனை உண்டு. நாளை பத்திரிகை கைக்கு வந்ததும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படங்களைப் பாருங்கள். கதிரையோ வீடோ தலைகீழானால் அடையாளம் காண்பதில் பெரிய இடர்ப்பாடு இராது. நன்கறிந்த தலைவரின் முகம்கூடத் தலைகீழானால் திகைக்க வைக்கும். முகத்துக்கே இந்தத் தடுமாற்றம் அதிகம் என்பதை 1969இல் றொபேட் யின் என்பவர் எடுத்துக்காட்டினார். 1980இல் பீற்றர் தொம்சன் என்ற ஆங்கிலேயர் வேடிக்கையாக ஒன்று செய்தார். அக்காலப் பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். படத்தைத் தலைகீழாகப் பார்த்தால் குறையொன்றும் தோன்றவில்லை. நேராக்கியதும் அரக்க முகமாயிற்று.

மூளையில் இதற்கென்றே ஓர் இடமும் இருக்கிறது. 1997இல் நான்சி கன்விஷரும் அவருடன் பணியாற்றியோரும் மூளையின் அடிப்புறத்தில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், முகத்தைக் காணும்போது சிறப்பாகத் தொழிற்படும் ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டினார்கள். அதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்னரே, 1947இல், ஜோக்கிம் போடமர் என்ற ஜேர்மானிய வைத்தியர் தலையிற் காயம்பட்ட போர்வீரர் சிலரைப் பற்றி எழுதியிருந்தார். அவர்கள் பார்வை இழந்தவர்கள் அல்லர். ஆனால் முகங்களை அறியும் ஆற்றலை இழந்திருந்தனர். கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் இட்ட பெயரை நாம் முகமறியாமை என்று தமிழாக்கலாம்.

காயமின்றிப் பிறவியிலேயே இக்குறை உடையோரும் உளர். நூற்றில் இருவர் அளவில் இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். இத்தகைய நோயாளரைப் பற்றி 1985இல் புகழ்பெற்ற நூல் எழுதிய ஒலிவர் சக்ஸ் என்ற மருத்துவருக்கே இக்குறை இருந்தது. வழியில் எதிர்ப்பட்ட தாடிக்காரர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அது கண்ணாடியில் தெரிந்த தம் உருவமே என்று பின்னர் உணர்ந்த அனுபவத்தை 2010இல் அவரே எழுதினார். இதைப் படித்த நாள் முதல், வீதியில் என்னைக் கண்டும் காணாமற் போகும் மாணவனைச் செருக்கன் என்று நினைப்பதில்லை. செருக்கனாகவும் இருக்கலாம், யார் கண்டார்?

இனிக் கண்ட முகத்துக்கு வருவோம். பிறந்து சில நிமிடங்களேயான குழந்தை, முகம்போல் வரைந்த படத்தை அசைத்தால் அதன் பின்னே கண்ணையும் தலையையும் திருப்புகிறது. அந்த நாட்டம் பிறவியோடு வருவது. எந்த முகங்களை வேறுபடுத்தி அறிவோம் என்பதோ பழக்கத்தால் அமைவது. 2002இல் வெளியான ஓர் ஆய்வின்படி ஆறு மாதக் குழந்தை இரண்டு குரங்கு முகங்களையும் பிரித்தறிகிறது. ஒன்பது மாதக் குழந்தைக்கு அது முடிவதில்லை. மனித முகங்களையே கண்டு கண்டு, தேவையில்லாத திறமையைக் கைவிட்டுவிடுகிறது. வெள்ளைக்காரர் எல்லோரும் எனக்கு ஒரே மாதிரித்தான் என்று நம் பெரியவர்கள் சொல்வதும், நம்மைப் பார்த்து அவர்கள் அதையே சொல்வதும் இவ்வகைப்பட்டனவே.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது நாங்கள் கொண்டு சென்றவற்றுள் அல்பம் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது அதை வைத்த அலுமாரியே இருக்கவில்லை. 1998இல் ஐயா காலமானார். தகப்பனாரை நாங்கள் ஐயா என்றுதான் அழைப்பது. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டும், அதன் முதற்பக்கத்துக்குப் படம் வேண்டும். எஞ்சியிருந்த ஒரே படம் அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. அதை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தோம். எண்ணெய் வைத்து வாரிய தலை, இறுகிய உதடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே வெறிக்கும் கண். அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். “இதென்ன, ஆரோ ஒருத்தர் மாதிரியெல்லோ கிடக்குது” என்று சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்காவும் ஒன்றும் பேசவில்லை. வேறு படம் இல்லை, அதையே அச்சிட்டோம்.

அதே அட்டையை நீட்டித்தான் ஐயா தம் கடைசி ஆண்டுகளில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வேலைக்குப் போய் வந்தார். அவரை முன்பின் அறியாத ஒருவர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, சரி போ என்பார். ஒருமுறை மட்டும், படத்திலிருப்பவர் இவர்தானா என்ற ஐயத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். ஐயாவை அறியாதவர்கள் அந்தப் படம் அவர்தான் என்று ஏற்றார்கள். அவருடன் முப்பதாண்டு வாழ்ந்த அம்மா அது அவரில்லை என்றார். இந்த முரண் பல காலம் எனக்கு விளங்கவில்லை.

2011இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. றொப் ஜென்கின்ஸ் என்பவரும் துணை ஆய்வாளரும் நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவரின் படங்களைத் தலைக்கு இருபதாக நாற்பது சேர்த்து, அவர்களை அறியாத பிரித்தானியரிடம் கொடுத்தார்கள். ஒரே ஆளின் படங்களை ஒரு குவியலாக அடுக்குங்கள் என்பதே வேலை; எத்தனை பேர் என்று சொல்லவில்லை. சராசரியாக ஏழெட்டுக் குவியல்கள் விழுந்தன. இரண்டு பேர்தான் என்று கண்டவர் ஒருவரும் இலர். அதே கட்டை நெதர்லாந்துக்காரரிடம் கொடுத்தபோது அவர்கள் பெரும்பாலும் தயங்காமல் இரண்டு குவியலாக்கினார்கள். வெளிச்சம், வயது, சிரிப்பு, களைப்பு, படக்கருவி இருக்கும் தூரம் என்று எத்தனையோ காரணங்களால் ஒரே முகம் நாளுக்கு நாள் மாறுகிறது. பழகியவருக்கு அந்த மாற்றங்களெல்லாம் முன்பே தெரியும்; அவற்றையெல்லாம் சேர்த்துத்தான் முகம் என்று வைத்திருக்கிறார். பழகாதவரிடம் இருப்பது ஒரு படம் மட்டுமே. ஐயாவின் முகம் என்று அம்மா அறிந்தது வெற்றிலை போட்ட வாய், மழைக்கு ஒதுங்கி வந்த முகம், காய்ச்சலில் கிடந்த முகம் என்று முப்பதாண்டுக் கூட்டு. அட்டையில் இருந்ததோ அரை நொடி.

பயிற்சி பெற்ற கண்ணாவது இதை வெல்லுமா? அவுஸ்திரேலியாவில் கடவுச்சீட்டு அலுவலர்களைக் கொண்டு செய்த சோதனையின் முடிவு 2014இல் வெளியாயிற்று. எதிரே நிற்பவரின் படமல்லாத படத்தை, அவருடையதே என்று அவர்கள் 14 வீதமான தடவைகள் ஏற்றுக்கொண்டார்கள். நீண்டகால அனுபவமுடையவரும் புதியவரைவிட மேலாக இருக்கவில்லை. ஐயாவை வெயிலில் நிறுத்தியவர்மீது எனக்கிருந்த கோபம் இதைப் படித்தபின் முற்றாகப் போயிற்று என்று சொல்லமாட்டேன். அவரால் இயலாத ஒன்றை அவரிடம் கேட்டிருந்தார்கள் என்பது மட்டும் விளங்கிற்று.

இயலாததை இயலும் என்று நம்பினால் வரும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஜெனிபர் தொம்சன் என்ற 22 வயது மாணவியின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து அவரைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினான். அந்த நேரத்திலும் அவர் நிதானம் இழக்கவில்லை. இவனைப் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்ற உறுதியோடு அவன் முகத்தை உற்று உற்று மனதிற் பதித்துக்கொண்டார். பொலிசாருக்கு முகத்தைச் சொல்லிப் படம் வரைவித்தார். ஆறு புகைப்படங்களிலிருந்து றொனால்ட் கொட்டன் என்ற இளைஞரைக் காட்டினார். பின்பு ஆட்களை வரிசையாக நிறுத்தியபோதும் அவரையே காட்டினார். படத்தில் காட்டியவரும் இவரே என்று பொலிசார் சொன்னதும் இருந்த ஐயமும் தீர்ந்தது. 1985இல் கொட்டனுக்கு ஆயுட்கால மறியல் விதிக்கப்பட்டது.

பொபி பூல் என்ற வேறொருவன் அக்குற்றத்தைத் தானே செய்ததாகச் சிறையில் பேசிக்கொண்டான் என்ற செய்தி கொட்டனுக்கு எட்டியது. 1987இல் வழக்கு மீள விசாரிக்கப்பட்டபோது பூலையே நீதிமன்றத்தில் தொம்சனின் முன் நிறுத்தினார்கள். தம்மைக் கெடுத்தவனை நேருக்கு நேர் பார்த்து, இவனை நான் கண்டதேயில்லை என்றார் அவர். பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை காட்டும்போதும் கொட்டனின் முகமே நினைவில் ஏறி ஏறி, உண்மையாகக் கண்ட முகம் அடியில் அமிழ்ந்துவிட்டிருந்தது. 1995இல் மரபணுச் சோதனை பூலைக் காட்டிக்கொடுத்தது. பத்தாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த கொட்டன் விடுதலையானார். பின்னர் தொம்சன் அவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். அவரும் மன்னித்தார். இருவரும் சேர்ந்து 2009இல் நூலொன்றும் வெளியிட்டனர். பத்தாண்டுகளை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதை மனதில் வைத்து மீண்டும் இலங்கைக்கு வாருங்கள், இராவணனின் இலங்கைக்கு. மண்டோதரியின் முகத்தைக் கண்டு தடுமாறிய அனுமன், கண்டேன் சீதையை என்று அந்த இடத்திலிருந்தே திரும்பிப் போயிருந்தால் என்னவாகியிருக்கும்? அவன் அப்படிச் செய்யவில்லை. இராமனைப் பிரிந்தவள் இப்படி அணிசெய்து, உண்டு, நிம்மதியாகத் துயில்வாளா என்று வான்மீகியின் அனுமன் தன்னைத்தானே கேட்டுத் தெளிகிறான். கம்பனின் அனுமன் அவள் உடற்குறிகளை மீண்டும் நோக்கி, இவள் மானுட வடிவினள் அல்லள் என்று தெளிகிறான். அசோகவனத்தில் உண்மைச் சீதையைக் காணும்போதும் வான்மீகியில் ஆடையையும் அணிகளையும் முன்பு கண்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். முகத்தை மட்டும் நம்பவில்லை.

சீதையும் இதில் இளைத்தவள் அல்லள். தவசியின் கோலத்தில் வந்தவனை நம்பி அனுபவித்தது போதாதா? எதிரே நிற்பவனும் மாயையோ என்று அஞ்சி, இராமனின் வடிவைச் சொல் என்று அனுமனையே சோதிக்கிறாள். அவன் சொல்கிறான். அதன் மேலும் கணையாழி வேண்டியிருக்கிறது. திரும்பும்போது சூடாமணி வேண்டியிருக்கிறது. பழகாத முகத்துக்கு மோதிரம் சாட்சி. பழகிய முகத்துக்குச் சாட்சி எதற்கு?

அன்று அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

அவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1975இல் ஹரி பாரிக் என்பவரும் துணை ஆய்வாளரும் அமெரிக்காவில் பள்ளி முடித்த 400 பேர்வரை எடுத்துச் சோதித்தார்கள். பள்ளியை விட்டு 35 ஆண்டுகள் சென்ற பின்னும் உடன் படித்தோரின் படங்களைப் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் அடையாளம் கண்டார்கள். தாமாகப் பெயரை நினைத்துச் சொல்வதில் மட்டும் தடுமாறினார்கள். பின்னாளில் அதே பாரிக் ஆசிரியர்களையும் சோதித்தார். எங்கள் நிலை பரிதாபம்; எட்டாண்டு சென்றால் பழைய மாணவரின் முகங்களுட் பெரும்பாலானவை போய்விடுகின்றன. மாணவனுக்குப் பல ஆண்டுகள் அதே முப்பது நாற்பது முகங்கள். நமக்கோ ஆண்டுதோறும் புதிய முகங்கள் வந்து பழையவற்றின் மேல் அமர்ந்துவிடுகின்றன.

சென்ற மாதம் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் நின்றேன். மீசை வைத்த ஒருவர், கையில் பிள்ளையோடு என்னருகே வந்தார். “சேர், என்னைத் தெரியுதோ?” ஆசிரியர்கள் இக்கேள்விக்கு வழக்கமாகச் சொல்லும் பொய்யையே நானும் சொன்னேன். “தெரியாமல் என்ன?” அவர் நம்பவில்லை. சிரித்துக்கொண்டு, “மண்டோதரியைக் கேட்டது நான்தான் சேர்” என்றார். அந்தச் சொல்லோடு மீசை விலகிற்று. கன்னத்துச் சதை விலகிற்று. கடைசி வாங்கிலிருந்த பதினெட்டு வயது முகம் அப்படியே எதிரே நின்றது. பிள்ளையின் முகத்திலும் அதுவே இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

பெயர் மட்டும் வரவில்லை. பஸ் புறப்படும்வரை கேட்கவும் கூசிற்று. இந்தப் பேச்சை அவர் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு கடிதம் போடட்டும். பெயரைக் கீழே தெளிவாக எழுதட்டும்.